கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியான பட்டர்வொர்த்திலோ பிறையிலோ குடியிருந்துகொண்டு தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்பவர்களுக்குப் பினாங்குப் பாலத்து நெரிசல் புதிதன்று. 1985இல் திறந்த முதற்பாலத்தோடு 2014இல் இரண்டாம் பாலமும் சேர்ந்த பிறகும், ‘பாலத்தில் ஜாம்’ என்ற காரணம் இன்னும் வழக்கில் இருக்கிறது. அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் எல்லாரும் முன்கூட்டியே அறிந்த காரணத்தை வந்துசேர்ந்த பிறகு சொல்பவர்மீது மதிப்புக் குறைகிறது. நாம் வந்து பொறுப்பேற்கும்வரை இரவு ஷிப்ட் பார்த்த ஒருவர் பசியாறக்கூடப் போகாமல் இயந்திரத்தருகே நிற்கிறார் என்பதை நினைத்துக்கொண்டால் செய்யவேண்டியது விளங்கும். ஏழு மணி ஷிப்டுக்கு ஏழரைக்குத்தான் வரமுடியும் என்று தெரிந்தவுடனே, மோட்டார் சைக்கிளில் வருபவராயின் பாலம் ஏறுவதற்கு முன் ஓரமாக நிறுத்தி, அவருக்கும் மேற்பார்வையாளருக்கும் சொல்லிவிடவேண்டும். நேரத்தைச் சற்றுக் கூட்டியே சொல்லுங்கள். வீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது தாமதத்தைவிட மோசமானது.

வேலையில் பிசகு நேர்ந்தாலும் முறை இதுவே. எந்தப் பெட்டியிலிருந்து தவறு தொடங்கியது, எவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு விளக்கலாம்.

உறவினரிடையே பணம்தான் கடினமான இடம். தீபாவளிச் செலவுக்கு அத்தையிடம் வாங்கிய ஐந்நூறு வெள்ளியை (ரிங்கிட்) தைப்பூசத்துக்குள் தருவதாகச் சொல்லியிருந்து, அது முடியாது என்று தெரிந்தால், ஒரு வாரம் முன்னதாகவே நேரில் போய், கையில் இருக்கும் நூறையாவது கொடுத்து, மீதிக்குப் புதிய தேதி சொல்லவேண்டும். கொடுத்த பணத்தைத் தாமே வாய்விட்டுக் கேட்கும் கூச்சத்தை அவருக்கு உண்டாக்கினால், பின்னர் முழுத்தொகையைத் திருப்பினாலும் பழைய பேச்சு திரும்புவதில்லை. பொதுப்பணத்துக்கு இது இன்னும் பொருந்தும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நண்பர்கள் சேர்ந்து வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கு ஒருமுறை நான் வசூல் பார்த்தேன். பனிக்கட்டிக்கான நாற்பது வெள்ளி கணக்கில் விட்டுப்போனதைக் குழுவில் நானே எழுதியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் பணப்பை என்னிடமே வந்தது. (அதை நான் விரும்பினேன் என்று சொல்லமாட்டேன்.)

முந்திச் சொல்வது நம்முடைய காரியங்களுக்கு மட்டுமே உரியது. வேலை போனதை நண்பர் ஒருவர் உங்களிடம் மட்டும் சொல்லியிருக்க, கோயிலில் அவருடைய தாயார் அவரைப் பற்றி விசாரித்தால், ‘அவனையே கேளுங்கள் அம்மா’ என்று சொல்வதுகூடப் பாதியைச் சொல்லிவிட்டதாகும். போன வாரம் பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அன்று மாலையே நண்பரை அழைத்து, அம்மா என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதைத் தெரிவித்துவிடுங்கள்.