ஸ்பானியப் பெயர்களை இன்டெக்ஸில் எங்கே வைப்பது?

லத்தீன் அமெரிக்க இலக்கியம் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று. கேப்ரியல் கார்சியா மார்க்வெஸைப் பற்றி அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க ஒருவர் கடைசிப் பக்கங்களில் இருக்கும் இன்டெக்ஸை, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லும் அகரவரிசைப் பட்டியலை, புரட்டுகிறார். விஷயம் தெரிந்தவர் என்பதால் நேராக 'ஜி' எழுத்துக்குப் போகிறார். அங்கே பெயர் இல்லை. புத்தகத்தில் அவர் வரவே இல்லை போலிருக்கிறது என்று மூடி வைத்துவிடுகிறார். உண்மையில் பல பக்கங்களில் வருகிறார். இன்டெக்ஸ் போட்டவர் 'மார்க்வெஸ், கேப்ரியல் கார்சியா' என்று 'எம்' எழுத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு பக்கம் கோப்பவர்கள், ப்ரூஃப் பார்ப்பவர்கள், இன்டெக்ஸ் போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அதனால் இந்தத் தவறு நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. தமிழ் வாசகர்களும் அவரை 'மார்க்வெஸ்' என்றும் மரியோ வர்கஸ் யோசாவை 'யோசா' என்றும்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலப் பெயரில் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்ற பழக்கம் அப்படியே இங்கேயும் வந்துவிடுகிறது.

ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். முதலில் அப்பா வழி, அப்புறம் அம்மா வழி. மார்க்வெஸின் அப்பா கேப்ரியல் எலிஹியோ கார்சியா. அம்மா லூயிசா சாந்தியாகா மார்க்வெஸ். ஆகவே 'கார்சியா மார்க்வெஸ், கேப்ரியல்' என்று 'ஜி'யில் வர வேண்டும். 'வர்கஸ் யோசா, மரியோ' 'வி'யில் வர வேண்டும். ஃபிடல் காஸ்ட்ரோவின் முழுப்பெயரில் கடைசியாக இருக்கும் 'ரூஸ்' அவருடைய அம்மா வீட்டுப் பெயர். அதை வைத்து அவரை 'ஆர்' எழுத்துக்கு அனுப்பினால் யார் தேடிக் கண்டுபிடிப்பார்? ஸ்பெயினில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பெற்றோர் விரும்பினால் அம்மா வழிப் பெயரை முதலில் வைக்கலாம். அப்போதும் இரண்டில் முதலாவதே இன்டெக்ஸுக்கு உரியது.

இதைக் கற்றுக்கொண்டதும் வரும் அடுத்த தவறு, கடைசிக்கு முந்தைய சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸில் 'லூயிஸ்' குடும்பப் பெயர் அல்ல, இரண்டாவது இயற்பெயர். அவர் 'பி'யில்தான் இருக்க வேண்டும். இதற்கு நேர் எதிர், 1906இல் மருத்துவத்துக்கான நோபல் பெற்ற சாந்தியாகோ ரமோன் இ காஹால். 'ரமோன்' பார்ப்பதற்கு இயற்பெயர் போலவே இருக்கும். ஆனால் அது அவர் அப்பா வழிக் குடும்பப் பெயர். நடுவில் வரும் 'இ' என்றால் 'மற்றும்'. எனவே 'ரமோன் இ காஹால், சாந்தியாகோ'. 'காஹால்' என்று தேடுபவருக்காக 'சி'யில் ஒரு 'காண்க', அதாவது சரியான பதிவுக்கு அனுப்பும் குறிப்பு, போட்டுவிடுங்கள்.

'டே' என்ற சின்னச் சொல்தான் நிறையப் பேரைத் தடுமாற வைக்கிறது. பொது விதிப்படி அது பின்னால் போகும்: 'செர்வாந்தஸ், மிகெல் டே', 'வேகா, லோபே டே'. இவர்களை 'டி' எழுத்தில் குவிப்பது தவறு. ஆனால் குடும்பப் பெயருக்கு உள்ளேயே 'டே' இருந்தால் அதைப் பிரிக்கக் கூடாது. நாடக ஆசிரியர் பெட்ரோ கால்டெரோன் டே லா பார்க்காவுக்கு 'கால்டெரோன் டே லா பார்க்கா' முழுவதும் ஒரே பெயர், 'சி'யில் வரும். புளோரிடாவுக்குப் போன ஹுவான் போன்ஸே டே லியோனும் அப்படித்தான். அவரை 'லியோன்' என்று 'எல்'லில் வைப்பது, ஒருவர் பெயரைப் பாதியில் வெட்டுவது. ஹெர்னாந்தோ டே சோட்டோ விஷயத்தில் எனக்கு விதியைவிட வாசகர்தான் முக்கியம். ஸ்பானிய முறையில் 'சோட்டோ'. ஆங்கில வாசகரோ 'டே சோட்டோ' என்றுதான் தேடுவார். எதில் வைத்தாலும் மற்றதில் 'காண்க' வேண்டும்.

திருமணமான பெண்களின் பெயரிலும் ஒரு 'டே' வரலாம். அதற்குப் பின்னால் இருப்பது கணவர் பெயர். அர்ஜென்டினாவின் முன்னாள் அதிபர் 'ஃபெர்னாண்டெஸ் டே கிர்ச்னர், கிறிஸ்டினா' 'எஃப்'பில் வர வேண்டும். கன்னியாஸ்திரீயான கவிஞர் ஹுவானா இனெஸ் டே லா குரூஸுக்கு அது துறவறப் பெயர். அதனால் 'ஜே'யில் இயற்பெயரிலேயே விட்டுவிடலாம்.

சிலர் பிறப்புப் பெயரைத் தோண்டி எடுத்து, பிக்காசோவை அப்பா வழிப் பெயரான 'ரூயிஸ்' என்பதில் வைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். அம்மா வழிப் பெயரை அவரே தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டார். கவிஞர் நெரூதாவும் அவர் வைத்துக்கொண்ட பெயரில்தான் வர வேண்டும். ஸ்பானியக் கவிஞர் ஃபெடரிகோ கார்சியா லோர்காவின் கதை வேறு. உலகம் 'லோர்கா' என்று அழைத்தாலும் பதிவு 'கார்சியா லோர்கா' என்றே இருக்கட்டும். 'எல்'லில் ஒரு 'காண்க' போதும்.

பெயர் ஸ்பானியம் போல ஒலித்தால் மட்டும் போதாது, ஊரையும் பாருங்கள். போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் பொதுவாக அம்மா வழி முதலில், அப்பா வழி கடைசியில். ஃபெர்னாண்டோ நொகெய்ரா பெசோவா 'பி'யில் வருவது அதனால்தான். பிலிப்பைன்ஸிலும் அம்மா குடும்பப் பெயர் நடுவில் வரும்: 2010 முதல் 2016 வரை அதிபராக இருந்த பெனிக்னோ கொஹுவாங்கோ அகினோ 'ஏ'யில்தான். அமெரிக்காவின் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சேசர் எஸ்ட்ராடா சாவேஸும் 'சாவேஸ்'தான்.

எழுத்து வரிசையில் இரண்டு விஷயங்கள். 'சிஹெச்', இரட்டை 'எல்' இரண்டையும் ஸ்பானியர்கள் தனி எழுத்தாக வரிசைப்படுத்தி வந்தார்கள். 1994இல் ஸ்பானிய மொழி அகாடமிகளின் கூட்டமைப்பு அதைக் கைவிட்டது. பழைய ஸ்பானிய நூலின் வரிசையை அப்படியே எடுத்தால் 'சாவேஸ்', 'கோர்ட்டெஸ்'ஸுக்குப் பின்னால் போய்விடும். அடுத்தது, மேலே அலைக்கோடு போட்ட 'என்'. ஸ்பானியத்தில் இன்றும் அது தனி எழுத்து; ஆங்கில இன்டெக்ஸில் சாதாரண 'என்'. 'முன்யோஸ்', 'மன்ரோ' இரண்டும் வந்தால் நான்காம் எழுத்தைப் பாருங்கள்: ஒன்றில் 'ஓ', மற்றதில் 'ஆர்'. ஆகவே முன்யோஸ் முதலில். மென்பொருளின் மொழி ஸ்பானியம் என்று இருந்தால் இது தலைகீழாகிவிடும். வரிசைக்குத்தான் அந்தக் கோட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அச்சில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் 'ஜி' பத்தியை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள். ஸ்பெயினில் மிக அதிகமானவர்களுக்கு இருக்கும் குடும்பப் பெயர் கார்சியா. அங்கேதான் கூட்டம் சேரும். தனி 'கார்சியா' என்று பதிவானவர்கள் எல்லாரும் முதலில், அவர்களுக்குப் பின்னால் 'கார்சியா லோர்கா', அதற்கும் கீழே 'கார்சியா மார்க்வெஸ்'.