தகரக் கூரைக்குக் கீழே என்ன போடுவது, எத்தனை மில்லிமீற்றர் போடுவது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தகரமோ சீற்றோ போட்ட வீடுகள் கனக்க இருக்கின்றன. வைகாசி வெயிலுக்கு மத்தியானம் உள்ளே இருக்க முடியாது. ஹாட்வெயார் கடையில் கேட்டால் மினுங்கும் றோல் ஒன்றை எடுத்துத் தருவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகை) போடச் சொல்வார். யார் சொல்வதைக் கேட்பது? சின்னக் கணக்கு ஒன்று போட்டால் நீங்களே முடிவெடுக்கலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பக் கடத்தாறு என்று ஓர் எண் இருக்கிறது, வெப்பம் அதற்கூடாக எவ்வளவு இலேசாகப் போகும் என்று அது சொல்லும், குறையக் குறைய நல்லது. தடிப்பை மீற்றரில் எடுத்து அந்த எண்ணால் பிரித்தால் வெப்பத்தடை வரும், அது கூடக் கூட நல்லது. ரெஜிபோமுக்கும் கண்ணாடிக் கம்பளிக்கும் கடத்தாறு ஏறத்தாழ 0.04, பொலியூரித்தேன் நுரைக்கு 0.025 அளவு, நெல் உமிக்கு 0.05 முதல் 0.06 வரை, பலகைக்கு 0.14 அளவு, கொங்கிறீற்றுக்கு 1.5 அளவு. இப்போது வெப்பத்தடை 1 வேண்டும் என்று வையுங்கள். ரெஜிபோம் 40 மில்லிமீற்றர் போதும், பொலியூரித்தேன் 25, உமி 50 முதல் 60, பலகை என்றால் 140. கொங்கிறீற்றில் அதே தடை வர ஒன்றரை மீற்றர் தடிப்பு வேண்டும்! தகரத்தின் தடிப்பைக் கூட்டி ஒரு பிரயோசனமும் இல்லை, இரும்பின் கடத்தாறு 50 அளவில் இருக்கிறது.

சரி, எவ்வளவு தடிப்பு போதும்? தகரம் 60 பாகை, அறை 32 பாகை என்று எடுத்தால் வித்தியாசம் 28. அதை வெப்பத்தடையால் பிரித்தால் கீழே இறங்கும் வெப்பம் வரும். போட்ட பொருளை மட்டும் கணக்கில் எடுத்தால், 20 மில்லிமீற்றர் ரெஜிபோமுக்கூடாகச் சதுர மீற்றருக்கு 56 வாற் இறங்கும், 40 போட்டால் 28, 80 போட்டால் 14. முதல் இருபதில் இருந்து நாற்பதுக்குப் போகும்போது 28 வாற் மிச்சம், அதன்பிறகு இன்னும் நாற்பது மில்லிமீற்றருக்குக் காசு கொடுத்தும் 14 தான் மிச்சம். குளிரூட்டி இல்லாத சாதாரண வீட்டுக்கு 40, 50 மில்லிமீற்றரோடு நிற்பதுதான் என் கணக்கில் புத்தி.

அந்த மினுங்கும் றோல் வேறு விதமாக வேலை செய்கிறது. 5 மில்லிமீற்றர் நுரையின் தடை வெறும் 0.125, அதை நம்பி வாங்கக்கூடாது. அதில் வேலை செய்வது அலுமினியத் தாள்தான். சூடான தகரம் கீழே வீசும் கதிரில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பும், தான் கீழே வீசுவதும் மிகக் குறைவு. ஆனால் அதற்கு மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் 25 மில்லிமீற்றராவது காற்று இடைவெளி இருக்கவேண்டும். தகரத்தோடு ஒட்டவைத்து, கீழ்ப்பக்கத்திலும் இடைவெளி விடாமல் சீலிங்கை ஒட்டிவிட்டால் தாள் போட்ட காசு வீண். ஒரு பக்கம்தான் மினுங்கும் என்றால் அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும், மேலே பார்த்தால் எங்கள் செம்மண் புழுதி படிந்து கொஞ்ச நாளில் மங்கிவிடும்.

உமி நல்ல பொருள், நெல் ஆலைகளில் கிடைக்கும், நாம் கண்டுகொள்வதில்லை. உரப்பையில் கட்டிச் சீலிங்குக்கு மேல் 60 மில்லிமீற்றர் பரப்பினால் தடை 1 வந்துவிடும். ஆனால் சதுர மீற்றருக்கு ஆறு கிலோ அளவு பாரம் ஏறும், மெல்லிய சீலிங் தாங்காது. கறையான், எலி இரண்டையும் பார்க்கவேண்டும், மின்சார வயர் எல்லாம் குழாய்க்குள் போயிருக்கவேண்டும், ஏனென்றால் உமியில் நெருப்புப் பிடித்தால் வெளியே தெரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக் கம்பளி என்றால் மாரி தொடங்க முதல் கூரை ஒழுக்கை அடைத்துவிடுங்கள், நனைந்தால் அதன் தடை போய்விடும். 50 மில்லிமீற்றர்க் கம்பளியை 25 மில்லிமீற்றர் இடத்துக்குள் அமத்தித் திணிப்பதும் அப்படித்தான், கிட்டத்தட்டப் பாதித் தடை போய்விடும்.

காசு குறைவு என்றால் முதலில் தகரத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள், பிறகு தாள், அதற்குப் பிறகு ரெஜிபோம். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் அதில் துளை போடவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தாளையோ ரெஜிபோமையோ கீழே மரச் சட்டத்தில் தனியாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.