பிரேக் விளக்கு மங்கினால்: வயரிங் கோளாற்றை மல்டிமீட்டரில் பிடிப்பது

ஒரு பக்க பிரேக் விளக்கு மட்டும் மங்கலாக எரிகிறது, பல்பை மாற்றியும் அதே கதை. சிங்கப்பூரில் 3 ஆண்டு தாண்டிய கார் 2 ஆண்டுக்கு ஒரு முறையும், 10 ஆண்டு தாண்டியது ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அதைவிட முக்கியம், பிஐஇ விரைவுச்சாலையில் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது தெரிய வேண்டும்.

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட் பார்த்து, 12.4 இருக்கிறது, வயர் சரி என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். வழியில் பச்சைக் களிம்பு ஏறிய இணைப்பில் 3 ஓம் தடை இருந்தாலும் அது முழு வோல்ட்டையே காட்டும். வயர் அறுபடவில்லை என்று மீட்டர் பீப் அடித்துச் சொல்லும் சோதனையும் இப்படித்தான் ஏமாற்றும். 3 ஓம்முக்கும் அது தாராளமாகக் கத்தும். 21 வாட் பல்பு எரியும்போது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் கேட்கும். அந்தச் சுமை இருக்கும்போதுதான் இணைப்பின் குறை வெளியே வரும். ஆகவே எப்போதும் பல்பு மாட்டியபடி, பிரேக் மிதித்தபடி அளந்து பாருங்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை ‘காம்’ துளையில், சிவப்பு முனை வோல்ட் துளையில். சிவப்பு 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட்; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், மட்டமான மீட்டரானால் கையும் சுடும். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை, ஹைபிரிட் காரின் ஆரஞ்சு கேபிள்கள் உயர் மின்னழுத்தம். இரண்டையும் தொடவே வேண்டாம். முன்னாலுள்ள பேட்டரியிலிருந்து பூட் (பின்பக்கச் சாமான் அறை) வரை முனைகள் எட்டாது; முதலை கிளிப் வைத்த 5 மீட்டர் வயர் ஒன்று தேவை. சிம் லிம் டவரில் இவை கிடைக்கும்.

முதலில் பேட்டரி. சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடருங்கள். அடுத்து ஃபியூஸ்: கழற்ற வேண்டாம், பிரேக் மிதித்திருக்க, கருப்பு முனையை பேட்டரி நெகடிவில் வைத்து, அதன் தலையிலுள்ள இரண்டு சிறு உலோகப் புள்ளிகளையும் சிவப்பு முனையால் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வோல்ட் என்றால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலும் இல்லையென்றால் கோளாறு அதற்கு முன்னால், ஃபியூஸுக்கு மின்சாரம் வரும் பக்கம்.

இப்போது பூட். கருப்பு முனையை நீள வயர் வழியாக பேட்டரி நெகடிவில் பிடித்துவிட்டு, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். சிவப்பு முனையை ஹோல்டர் கனெக்டரின் பின்புறம் செருகி இரண்டு பின்களையும் அளந்து பாருங்கள். பேட்டரி 12.4 என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் வரும் பின்னில் 12.1 இருந்தால் வழியில் இழந்தது 0.3 மட்டுமே, பரவாயில்லை. எர்த் பின்னில் (மின்சாரம் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் பின்) 0.1-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 4.1 காட்டினால் பல்புக்கு மிஞ்சியது 8 வோல்ட். மங்கியதற்குக் காரணம் எர்த். பல்பு சுத்தமாக எரியாமல் எர்த் பின்னிலேயே 12 வோல்ட் நின்றால் எர்த் முழுதாக அறுந்திருக்கிறது.

சிவப்பு முனையை எர்த் வயர் வழியே நகர்த்துங்கள்: ஹோல்டர் பின், அடுத்த கனெக்டர், வயர் முனையின் வளையம், கடைசியாக பாடி இரும்பு. எந்த இரு புள்ளிகளுக்கிடையே எண் திடீரென விழுகிறதோ அங்கேதான் கோளாறு. வளையத்தில் 4.1, அரை சென்டிமீட்டர் தள்ளி பாடியில் 0.05 என்றால் போல்ட்டுக்கு அடியில் துரு. 10 எம்எம் ஸ்பேனரால் கழற்றி, இரண்டு முகங்களும் பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டு இறுக்கி, மேலே வேசலின் தடவுங்கள். நம் ஈரக்காற்றில் அந்தக் கடைசி வேலையை விடக்கூடாது.

விளக்கு பூட் மூடியிலேயே இருந்தால் கீல் ஓரத்து ரப்பர் குழாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்ந்ததில் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். மூடியை மெல்ல ஏற்றி இறக்கும்போது எண் குதித்தால் அதுதான். வயர்களை ஒவ்வொன்றாக லேசாக இழுங்கள். அறுந்தது மட்டும் ரப்பர் போல நீளும். புது மெல்லிழை வயர் சேர்க்கும்போது ஒட்டுப்போடும் இடத்தை மடங்காத பகுதிக்குத் தள்ளி வையுங்கள். மடங்கும் இடத்திலேயே ஒட்டினால் ஓராண்டுகூடத் தாங்காது.

எல்இடி விளக்கு இழுக்கும் மின்னோட்டம் குறைவு, வோல்ட் இழப்பும் சரியாகத் தெரியாது. அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி அளக்கலாம்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் தீப்பிடிக்கும். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பை இணைத்து, பிரேக் பல்புகளைக் கழற்றிவிட்டு மிதியுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எதைப் பிரித்ததும் அணைகிறதோ, ஷார்ட் அதற்கு அப்பால்.

பழுது பார்த்ததும் எர்த் பின்னை மறுபடி அளந்து பாருங்கள். 0.1-க்கு மேல் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.