ட்ரயல்ஸ் பைக்கில் ஒட்டாத ஹப்பையும் ஃபோர்க்கையும் சேர்ப்பது எப்படி

பாறை, மேடுகளில் கால் ஊன்றாமல் ஓட்டும் ட்ரயல்ஸ் பைக்கில், ஒரு பைக்கின் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) வேறொன்றின் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் கால்) பொருத்த நேரலாம். முதலில் ஆக்சில் (சக்கரம் சுழலும் அச்சுத்தண்டு) தடிமனைப் பாருங்கள். ஹப் 15 மி.மீ. ஆக்சிலுக்கானது, ஃபோர்க் 17 மி.மீ. கேட்கிறது என்றால் ஹப்பைக் கடைசல் பிடிக்கத் தேவையில்லை. 15 மி.மீ. துளையுள்ள 6202 பேரிங்கைக் கழற்றி, 17 மி.மீ. துளையுள்ள 6003 போடலாம். இரண்டுக்கும் வெளிவிட்டம் 35 மி.மீ.தான். ஆனால் 6202-இன் அகலம் 11, 6003-இன் அகலம் 10; குறையும் அந்த 1 மி.மீ.யை வெளி ஸ்பேசரில் ஈடுகட்ட வேண்டும். பேரிங்குகளுக்கு நடுவிலுள்ள குழாயையும் 17 மி.மீ. துளையோடு, சரியான நீளத்தில் புதிதாகக் கடைய வேண்டும். அது ஒரு இழை குட்டையானாலும் ஆக்சில் நட்டை முறுக்கியதும் பேரிங் இறுகிச் சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது ஸ்பேசர், அதாவது பேரிங்குக்கும் ஃபோர்க் காலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் வளையம். ஃபோர்க் கால்களின் உள்இடைவெளி 148, பேரிங் உள்வளையங்களின் வெளிமுகங்களுக்கு இடையே 120 என்றால் மொத்தம் 28 மி.மீ. வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். டிரம் பிரேக் உள்ள ஹப்பில் ரிம் பெரும்பாலும் நடுவில் இருக்காது. ரிம் 3 மி.மீ. இடதுபக்கம் தள்ளியிருந்தால் இடது ஸ்பேசர் 17, வலது 11. ஸ்பேசர் உள்வளையத்தில் மட்டுமே உட்கார வேண்டும்.

உயிரோடு விளையாடும் இடம், டிரம் பிரேக்கின் ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டு. அதைப் பிடித்து நிறுத்தும் காது புது ஃபோர்க்கில் பொருந்தாவிட்டால், பிரேக் பிடித்ததும் தட்டு சுழன்று கேபிளை அறுத்து, சக்கரத்தையே பூட்டிவிடும். ஃபோர்க் காலோடு போல்ட் போட்ட இரும்புக் கை கட்டாயம், கிளாம்ப் போதாது.

கடைசியில் ஆக்சில் நட்டை இறுக்கி, ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகே, ஃபோர்க் காலின் அடியில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை முறுக்குங்கள்.