செபுவுக்குக் கற்பிக்க வரும் தங்கைக்கு

பதினெட்டு மாத ஊழியத்தில் எனக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியக்காரியாக நீயும் பிலிப்பைன்ஸின் செபுவுக்கு வருகிறாய், அதனால் எழுதுகிறேன்.

திங்கள் ஆயத்த நாள், அதாவது நம் சொந்த வேலைகளுக்கான நாள். காலையிலேயே துணி துவைத்து உலர்த்திவிடு. அப்புறம் வீட்டுக்கு வீடியோவில் பேசு. 2019-க்கு முன் வருடத்துக்கு இரண்டே முறைதான் பேச முடியும்.

செவ்வாயிலிருந்து வீடு வீடாகப் போவோம், எப்போதும் இரண்டு பேராக. வாசலில் நின்று ‘ஆயோ!’ என்று குரல் கொடு. செருப்பைக் கழற்று. பாட்டி இருந்தால் மரியாதையாக அவர் கையை எடுத்து உன் நெற்றியில் வை.

பாடத்தை அரை மணி நேரத்துக்குள் முடி. முதல் மாதம் ஒரு வீட்டில், மனப்பாடம் செய்த, உள்ளூர் மொழியான செபுவானோவை ஒரு மணி நேரம் ஒப்பித்தேன். அந்த அம்மா அடுப்பில் சோறு வைத்திருந்தார், எழுந்துபோகக் கூச்சப்பட்டார். சோறு கருகிய வாசனை இன்னும் என் மனதில் இருக்கிறது. இப்போதெல்லாம் உட்கார்ந்ததும், ‘இன்று எப்படி இருந்தது?’ என்று கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். வெளிநாட்டில் வேலை செய்யும் மகளுக்காக ஜெபிக்கச் சொல்வார்கள். அங்கேயே, அந்த மகளின் பெயரைச் சொல்லி ஜெபி. இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை.

சனி மாலை, ஆராதனைக்கு வருகிறேன் என்றவர்களை மறுபடி பார். ஜீப்னி என்ற சிறு பேருந்துக்குக் காசில்லாமல் தயங்குபவர்கள் உண்டு. பக்கத்தில் வசிக்கும் நம் சபையாரோடு சேர்ந்து நடந்துவர ஏற்பாடு செய். ஞாயிறு அவர்கள் வந்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடு.