5.3 லிட்டர் எல்.எஸ் இன்ஜினில் டர்போ: உள்பாகங்களை மாற்றாமல் எவ்வளவு தூரம் போகலாம்

அமெரிக்காவில் 1999 முதல் 2007 வரை செவர்லே சில்வராடோ, தாஹோ, ஜி.எம்.சி சியரா போன்ற வண்டிகளில் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ் குடும்பத்தைச் சேர்ந்த எல்.எம்.7 என்ற 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளில் மலிவாகக் கிடைப்பதால், டர்போ (வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி) வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களின் முதல் தேர்வாக இருந்து வருகிறது. தொழிற்சாலை இதற்குக் கொடுத்த சக்தி, ஆண்டைப் பொறுத்து, 270 முதல் 295 குதிரைத்திறன் வரைதான். ஆனால் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன்களின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைத் தாங்கும் ஒவ்வொரு மெயின் கேப்பையும் ஆறு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. ஆகவே இரண்டு மடங்கு சக்தியைக் கேட்டாலும் பிளாக்கும் கிராங்கும் பெரும்பாலும் முணுமுணுப்பதில்லை. உடைவது பிஸ்டனும், அதைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடும்தான்.

“ஸ்டாக் (தொழிற்சாலை போட்ட) ராட் எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?” என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். 600 குதிரைத்திறனை 6000 ஆர்.பி.எம்மில் எடுத்தால் கிராங்கில் வரும் டார்க் (முறுக்குவிசை) ஏறத்தாழ 712 நியூட்டன் மீட்டர். அதே 600-ஐ 4000 ஆர்.பி.எம்மிலேயே எடுத்தால் 1068 நியூட்டன் மீட்டர். ராடை வளைப்பது இந்த டார்க்குக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் அழுத்தமே. எனவே சீக்கிரமே பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கட்டிவிடும் சிறிய டர்போவை விட, சற்றுத் தாமதமாக எழும் பெரிய டர்போ ராடுக்கு நல்லது. சிறியதுதான் கையில் இருக்கிறது என்றால், 4000 ஆர்.பி.எம் வரை பூஸ்டைக் குறைத்து, அதற்கு மேல் படிப்படியாக ஏற்றும்படி பூஸ்ட் கண்ட்ரோலரை அமைக்க வேண்டும்.

அதற்காக ஆர்.பி.எம்மை இஷ்டம்போல் உயர்த்தலாம் என்று பொருளல்ல. பிஸ்டனும், அதை ராடோடு சேர்க்கும் பின்னும், அதைச் சுற்றியுள்ள ரிங்குகளும் சேர்ந்து 600 கிராம் என்று வைத்துக்கொண்டால், 6000 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு முறை மேலே போய்த் திரும்பும்போதும் அவை ராடை இழுக்கும் விசை சுமார் 1.4 டன். இந்த விசை வேகத்தின் வர்க்கமாக வளர்வதால், 7000-க்குப் போனால் 36 சதவீதம் கூடி 1.9 டன்னைத் தொடும். ராட் போல்ட்டைச் சோதிப்பது இந்த இழுப்புதான். பழைய போல்ட்டுகளுடன் 6500-க்குக் கீழேயே ரெவ் லிமிட்டை (ஆர்.பி.எம் உச்சவரம்பை) வைப்பது என் யோசனை.

எல்லாவற்றையும் விட அதிகக் கவனம் வேண்டியது மேல் ரிங்கின் இடைவெளி. இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 96 மி.மீ.; அதன் சுற்றளவு சுமார் 302 மி.மீ. சிலிண்டர் சுவரை விட ரிங் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால், அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.33 மி.மீ. மூடிக்கொள்ளும். தொழிற்சாலை வைத்த இடைவெளியோ பல இன்ஜின்களில் அதை விடக் குறைவு. முனைகள் ஒன்றோடொன்று முட்டியதும் ரிங் சுவரைப் பற்றிக்கொள்கிறது. பிஸ்டனிலிருந்து ரிங் உட்கார்ந்திருக்கும் விளிம்பு பெயர்ந்து விடுகிறது. சிலிக்கான் மிகுந்த வார்ப்பு அலுமினிய பிஸ்டன் தேய்மானத்துக்கு ஈடுகொடுக்கும், சத்தமில்லாமல் ஓடும். ஆனால் இப்படி அடிபட்டால் வளைந்து கொடுக்காது, துண்டாகிவிடும். பிரித்துப் பார்க்கும்போது ரிங் முனைகள் கண்ணாடிபோல் மினுங்கினால், அவை முட்டியிருக்கின்றன என்று அறியலாம்.

ஆகவே 500 குதிரைத்திறனுக்கு மேல் நோக்கம் இருந்தால், ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்களை வெளியே எடுத்து, ரிங்குகளை அரத்தால் சீவுவதே சரி. ரிங்கை அதே சிலிண்டருக்குள் சுமார் 25 மி.மீ. கீழே நேராக இறக்கி ஃபீலர் கேஜால் அளந்து, 0.58 மி.மீ. வரும்வரை ஒரு முனையை மட்டும் சீவி, பிசிறை நீக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை என்பதால், பழையவற்றைத் திரும்பப் போடக் கூடாது. 2005-க்குப் பின் வந்த நான்காம் தலைமுறை 5.3 கிடைத்தால் இன்னும் நல்லது. ராடு வலுவானது, பிஸ்டன் பின்னும் ராடில் இறுகாமல் புஷ்ஷில் சுழலக்கூடியது. அவற்றில் பலவற்றில் பாதி சிலிண்டர்களை அணைக்கும் அமைப்பு இருக்கும். அதற்கான தனி லிஃப்டர்களை (வால்வுகளை இயக்கும் பாகங்களை) எடுத்தெறியும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிங்கைச் சரியாக வைத்த இன்ஜினையும் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) சில நொடிகளில் முடித்துவிடும். காற்று எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சரும் பெட்ரோல் அழுத்த சென்சரும் இல்லாமல் பூஸ்டுக்குள் போகவே வேண்டாம். பூஸ்ட் ஏறும் அளவுக்கு ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) உள்ள அழுத்தமும் ஏற வேண்டும். உச்சத்தில் அது தளர்கிறது என்றால் பம்ப் போதவில்லை, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பெட்ரோலில் காற்று எரிபொருள் விகிதத்தை 11.5 அருகே வைத்து, டைமிங்கை (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பிளக் பொறி விடும் கோணத்தை) 12 டிகிரியில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு டிகிரி மட்டும் கூட்டிப் பாருங்கள். சக்தி கூடவில்லை என்றால் அந்த டிகிரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) கிடைக்கும் ஊரில் அதுவே பெரிய பாதுகாப்பு, ஆனால் எரிபொருள் 30 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படும். டைனோவில் (சக்தியை அளக்கும் மேடையில்) பத்து நொடி தாங்கிய டியூன், கோடையில் நெடுஞ்சாலை ஏற்றத்தில் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உள்ளே வரும் காற்றின் சூடு கூடும்போது டைமிங் தானாகக் குறையும்படி அட்டவணையை அமைத்தே ஆக வேண்டும்.

பூஸ்டை ஒவ்வொரு படி ஏற்றிய பிறகும் பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியப் பொடியோ தெரிந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. பிறகு கம்ப்ரஷனையும் (பிஸ்டன் அழுத்தி உண்டாக்கும் அழுத்தம்) லீக்டவுனையும் (உள்ளே செலுத்திய காற்று எவ்வளவு கசிகிறது என்பது) எட்டு சிலிண்டரிலும் எடுத்து எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே சிலிண்டரில் கெட்டிருந்தால் ரிங், பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் ஆகியவற்றில் ஒன்று. லீக்டவுன் நன்றாக இருந்து கம்ப்ரஷன் மட்டும் குறைந்திருந்தால், பெரும்பாலும் ராட் வளைந்து குட்டையாகி, பிஸ்டன் முழு உயரத்துக்கு வராமல் நிற்கிறது. வண்டி அப்போதும் சாதாரணமாகத்தான் ஓடும். ஆனால் அதே ராட் அடுத்த முறை பிளாக்கின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு வரும் என்பதால், அதன் பிறகு அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது.