அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் எழவில்லையா? ஃபார்மட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன கணினி எழாமல் நின்றுவிட்டால், பல கடைகளில் முதலில் காதில் விழும் சொல் 'ஃபார்மட்'. பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. அப்டேட்டில் கெடுவது விண்டோஸின் சில கோப்புகள்தான். உங்கள் படங்களும் கணக்கு வழக்கும் அதே டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஆகவே எதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். குறைவாகக் கலைக்கும் வழியை முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் அழிக்கும் வழியைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில், கணினி உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சதவீதக் கணக்கு ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்பது சகஜம். எஸ்எஸ்டி உள்ள கணினிக்கு ஒரு மணி நேரமும், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளதற்கு மூன்று மணி நேரமும் கொடுங்கள். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக, அதாவது 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று திரையில் வந்தால் கையே வைக்காதீர்கள். கணினி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கரண்டை நிறுத்தினால்தான் உண்மையான சேதம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பவர் பட்டனை அழுத்தியும் தயாரிப்பு நிறுவனத்தின் லோகோகூட வரவில்லை என்றால், விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. ரேம், பவர் சப்ளை, மானிட்டர் கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: சில லேப்டாப்களுக்கு பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட்டும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரும். அது ஓடும்போது திரை சில நிமிடங்கள் இருண்டு, மின்விசிறி வேகமாகச் சுற்றலாம். பொறுங்கள்.

லோகோ வந்த பிறகு 'பூட் டிவைஸ் இல்லை' என்று செய்தி வந்தால், பென் டிரைவ், மெமரி கார்டு, பிரின்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பிறகு பயாஸுக்குள் போய், டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லை என்றால் பழுது டிஸ்க்கிலோ கேபிளிலோ இருக்கிறது. மாதக்கணக்கில் தடுமாறி வந்த டிஸ்க், ஒரு பெரிய அப்டேட் நிறைய எழுதும்போது கைவிட்டுவிடுவது உண்டு.

நீலத்திரையோ, அண்மைக்காலப் பதிப்புகளில் வரும் கறுப்புத்திரையோ வந்தால், அதிலுள்ள 'ஸ்டாப் கோட்' என்ற பிழைக் குறியீட்டை போனில் படம் எடுத்துவையுங்கள். 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்றால், விண்டோஸ் தான் இருக்கும் டிஸ்க்கையே படிக்க முடியாமல் திணறுகிறது. ஸ்டோரேஜ் டிரைவர், அதாவது டிஸ்க்கை இயக்கும் மென்பொருள், மாறியிருக்கலாம். அல்லது பயாஸ் அப்டேட்டில் அமைப்புகள் அழிந்து, ஸ்டோரேஜ் முறை (டிஸ்க்கோடு கணினி பேசும் விதம்) ஏஎச்சிஐ, ரெய்டு இரண்டில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவியிருக்கலாம். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப்களில், பயாஸில் விஎம்டி என்ற ஸ்டோரேஜ் அமைப்பையும் பாருங்கள். முன்பிருந்த நிலைக்கு மாற்றினாலே கணினி எழுந்துவிடும்.

மீட்புத் திரைக்குள் போவது

விண்டோஸ் தொடங்கும்போது சுழலும் புள்ளிகள் வந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இன்னொரு முறை அப்படியே செய்யுங்கள். மூன்றாம் முறை போடும்போது 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும். அங்கிருந்து அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போகலாம். சதவீதம் ஓடும் அப்டேட் திரையில் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது.

அது வரவில்லை என்றால், வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தி அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டாலைத் தொடாமல் ரிப்பேர் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

மீட்புத் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போனதும் நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11க்கு வந்த மாதாந்திர அப்டேட், மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் முடக்கியது. அதற்கான திருத்தம் அக்டோபர் 20 அன்று வந்தது. அப்படி மாட்டினால் பென் டிரைவ் வழியே கைகொடுக்கும். உருண்டைச் செருகி கொண்ட பழைய பிஎஸ்2 கீபோர்டும் வேலை செய்யும்.

பிட்லாக்கர் கேட்டால்

நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் பயப்படாதீர்கள், ஊகித்தும் அடிக்காதீர்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதி டிஸ்க்கைப் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். 2022 ஆகஸ்டிலும் 2024 ஜூலையிலும் வந்த அப்டேட்களுக்குப் பிறகு பல கணினிகள் இப்படிக் கேட்டன. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸ் பட்டியலில் பாருங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு பொருந்தும் வரிதான் உங்களுடையது. அலுவலக லேப்டாப் என்றால் ரெக்கவரி கீ அலுவலகத்தின் கணினிப் பிரிவினரிடம் இருக்கும். அந்த எண் எங்குமே இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. 'உடைத்துத் தருகிறோம்' என்பவர்களுக்குப் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

அப்டேட்டை நீக்குவது

மீட்புத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்ற வரிசையில் போங்கள். இங்கே இரண்டு தேர்வுகள் உண்டு. மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வரும் வழக்கமான அப்டேட் என்றால் 'குவாலிட்டி அப்டேட்'. விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால் 'ஃபீச்சர் அப்டேட்'. இரண்டாவதை நீக்கப் பத்து நாள்தான் அவகாசம். டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்திருந்தால் அந்த வழியும் அடைந்துபோகும். எது என்று தெரியாவிட்டால் குவாலிட்டியை முதலில் நீக்கிப் பாருங்கள்.

பிறகு ஸ்டார்ட்அப் ரிப்பேர். தொடர்ந்து எழாமல் போனால் விண்டோஸ் தானே அண்மை அப்டேட்டை நீக்கிவிட்டு, எழுந்ததும் அதைத் தெரிவிப்பதும் உண்டு. ஒருமுறை ஓட்டினால் போதும். ஐந்தாறு தடவை ஓட்டுவதால் பலன் கூடாது.

அடுத்து சேஃப் மோட், அதாவது அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் முறை: ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் கணினி எழுந்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது. விண்டோஸின் அடிப்படை நன்றாக இருக்கிறது. சந்தேகம் வெளியிலிருந்து வந்த டிரைவர் மீதோ ஆன்டிவைரஸ் மீதோதான். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் எழாமல் போனபோதும் காரணம் விண்டோஸ் அப்டேட் அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான கோப்பு. சேஃப் மோடில் போய் அதை அழித்ததும் கணினிகள் எழுந்தன.

திரை இருண்டு போவதுதான் சிக்கல் என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை ஓடாததால் பல மென்பொருள்களை அங்கே நீக்க முடியாது. அவற்றின் சேவைகளை மட்டும் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல எழுந்த பிறகு நீக்குங்கள்.

ரிஸ்டோர் பாயின்ட் (விண்டோஸ் முன்பு பதிந்துவைத்த நிலை) இருந்தால் சிஸ்டம் ரிஸ்டோரும் நல்ல வழி. உங்கள் ஆவணங்களை அது தொடாது. அந்தத் தேதிக்குப் பின் நிறுவிய மென்பொருள்களும் டிரைவர்களும் மட்டும் போகும்.

கோப்புகளை வெளியே எடுப்பது

மேற்கண்ட எதுவும் பலிக்கவில்லை என்றால், அடுத்த அடிக்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். மீட்புத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நோட்பேட் என்று அடித்தால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். அந்தச் சிறு ஜன்னலே ஒரு கோப்பு மேலாளர் போல வேலை செய்யும். யூசர்ஸ் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து காப்பி எடுத்து, வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டராக நகலெடுங்கள். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். உங்கள் சி டிரைவ் டி என்றோ இ என்றோ தெரியலாம். விண்டோஸ், யூசர்ஸ் ஃபோல்டர்கள் எதில் இருக்கின்றனவோ அதுதான்.

டிஸ்க்கில் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது இதற்குப் பிறகுதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மணிக்கணக்கில் உழுது, மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடும். பூட் கோப்புகள் மட்டும் கெட்டிருந்தால் பிசிடிபூட் கட்டளையோடு விண்டோஸ் ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்தால் போதும், அவை புதிதாக எழுதப்படும்.

எல்லாம் தோற்ற பிறகே 'ரீசெட் திஸ் பிசி'. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் அனைத்தும் போய்விடும். கணக்கு மென்பொருளின் தரவு சி டிரைவில் நேரடியாகத் தனி ஃபோல்டராக இருந்தால், 'கீப்' என்ற சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள். முதலில் நகல் எடுங்கள்.

கணினி எழுந்த பின் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டு, அப்டேட் ஹிஸ்டரியில் சிக்கல் தந்ததன் கேபி எண்ணை (அந்த அப்டேட்டின் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக வையுங்கள். பிட்லாக்கர் எண்ணைத் தாளில் எழுதி, லேப்டாப் பைக்குள் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். கடைசியாக, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள்: மீட்புத் திரை திறக்கிறதா, அங்கே கீபோர்டு வேலை செய்கிறதா என்று இப்போதே தெரிந்துவிடும்.